ஒன்பது மணிக்கு மேல் உங்கள் பிள்ளை எங்கே?

படிவத்தில் மொத்தம் நாற்பத்தோரு கேள்விகள். பதினாறாவது கேள்வி வரைக்கும் ஜனங்கள் ஒழுங்காகத்தான் பதில் சொல்லிக்கொண்டு வருவார்கள். வீட்டில் எத்தனை பேர், எத்தனை அறை, யார் யாருக்கு என்ன வேலை என்பதெல்லாம் மளமளவென்று வந்துவிடும். 'இரவு ஒன்பது மணிக்கு மேல் உங்கள் பிள்ளை எங்கே இருக்கும்?' என்ற பதினேழாவது கேள்வியை வாசித்ததும் அம்மாக்காரிக்கு அடுப்பில் ஏதோ தீய்கிற வாசனை வந்துவிடும். அப்பன்காரன் தொண்டையைச் செருமுவான். பிறகு இரண்டு பேரும் ஒரே குரலில் "வீட்டுலதான்" என்பார்கள். ஃபாரமக்கா 'வீட்டில்' என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டுப் பதினெட்டாவது கேள்விக்குப் போவாள்.

ஃபாரமக்கா என்பது தெரு வைத்த பெயர். பட்டன் தைக்கிற கம்பெனியை மூடியபிறகு சும்மா இருந்தவளைப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சிக்காரர் கணக்கெடுப்பு வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். தோளில் துணிப்பை, கையில் அட்டை, அதில் கிளிப் போட்ட படிவங்கள். மூன்று மாதமாக அவளைப் படிவம் இல்லாமல் யாரும் பார்த்ததில்லை.

ஆராய்ச்சி எதைப் பற்றி என்றால், ஒன்பது மணிச் சட்டத்தைப் பற்றி. எட்டு மாதத்துக்கு முன்பு நகரசபை ஒரு சட்டம் போட்டது. பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகள் இரவு ஒன்பதுக்கு மேல் தெருவில் நிற்கக் கூடாது. பெற்றவர்கள் கூட இருந்தால் பரவாயில்லை. தனியாக அகப்பட்டால் மஞ்சள் சீட்டு. மூன்று மஞ்சள் சீட்டு சேர்ந்தால் நகரசபை நன்னடத்தைச் சான்று தராது. அந்தச் சான்று இல்லாமல் எந்தக் கல்லூரியிலும் கால் வைக்க முடியாது. இந்தச் சட்டத்தால் ஊர் திருந்தியதா என்று அளந்து பார்க்கத்தான் ஆராய்ச்சிக்காரர் வந்திருந்தார்.

அவர் அளக்கிற விதம் கேட்பதற்கு அழகாகத்தான் இருந்தது. பெரிய ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு நகரசபை, அந்தப் பக்கம் இன்னொன்று. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரி ஜனங்கள். இந்தப் பக்கம் சட்டம் உண்டு, அந்தப் பக்கம் இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சட்டத்தின் பலன் தெரிந்துவிடும். "ஒரு செடிக்கு உரம் போட்டு, இன்னொண்ணுக்குப் போடாம விட்டுப் பார்க்கிற மாதிரிக்கா" என்று முதல் நாள் பயிற்சியில் சொன்னார். கண்ணாடி போட்ட, நல்ல மனசுள்ள பிள்ளை. இரண்டு செடியும் ஒரே தொட்டியில் இருந்தது அவருக்குத் தெரியாது.

ஃபாரமக்காவுக்குத் தெரியும். ஏனென்றால் அவள் மகள் பாப்பா தினமும் அந்த ரோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தாள்.

பாப்பாவுக்குப் பதினேழு வயது. நர்ஸ் படிப்புக்கான நுழைவுத்தேர்வுக்கு இன்னும் நாலு மாதம். வீடு என்பது ஒரே ஒரு அறை. அந்த மூலையில் அடுப்பு, இந்த மூலையில் கட்டில். கட்டிலில் அப்பா. அவர் ரொட்டி அடுப்புக்காரர். இரவு ஒன்றரைக்கு எழுந்து போனால்தான் விடிவதற்குள் ஐந்நூறு ரொட்டி வெந்து வெளியே வரும். மாவு பிசைய மிஷின் இருக்கிறது. அடுப்புக்குள் தட்டுகளைத் தள்ளுவதும் இழுப்பதும் கைதான். கண் ஒரு நொடி சொக்கினாலும் முன்கை அடுப்பின் இரும்பு விளிம்பில் உட்கார்ந்துவிடும். இரண்டு வருடத்துக்கு முன்பு அப்படித்தான் ஆயிற்று. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்து ஒரு மாதம் கிடந்தார். அன்றையிலிருந்து வீட்டில் ஒரே சட்டம்தான். மாலை ஏழு மணிக்கு விளக்கு அணையவேண்டும், மூச்சுச் சத்தம்கூடக் கேட்கக் கூடாது.

ஏழு மணிக்கு மேல் அந்தப் பெண் எங்கே படிப்பாள்? போர்வைக்குள் டார்ச் வைத்துப் பார்த்தாள். பக்கம் புரட்டுகிற சத்தத்துக்கு அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். நாலு வீட்டுக்குப் பொதுவான குளியலறையில் உட்கார்ந்து படித்தாள். மற்ற வீட்டுக்காரர்கள் கதவை உடைக்காத குறை. கடைசியில் கட்டடத்துப் படிக்கட்டில், தெருவிளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்தாள். ஒரு வருடத்துக்கு மேல் அங்கேதான் படித்தாள். சட்டம் வந்த ஒன்பதாம் நாள் அங்கேயே முதல் மஞ்சள் சீட்டு வாங்கினாள்.

ஃபாரமக்கா அன்றைக்குப் போலீஸ்காரரிடம் தொண்டைத்தண்ணீர் வற்றக் கத்தினாள். "இது எங்க வீட்டுப் படிங்க!"

"மேல நாலு படி வீட்டோடதும்மா. கீழ மூணு படி நகரசபையோடது. பொண்ணு ரெண்டாவது படியில உட்கார்ந்திருந்துச்சு."

"அப்ப அஞ்சாவது படியில உட்காரச் சொல்லியிருக்கலாமே?"

"அங்க வெளிச்சம் இல்லைன்னு சொல்லுதே" என்றார் அவர், சீட்டைக் கிழித்துக்கொண்டே. அவர்மேலும் தப்பில்லை, எழுதச் சொன்னதை எழுதினார்.

அப்புறம்தான் பிள்ளைகள் ரோட்டைக் கண்டுபிடித்தார்கள். எட்டரை மணிக்கு ஒவ்வொன்றாகத் தாண்டிவிடும். அந்தப் பக்கம் பஸ் ஸ்டாண்டில் காத்திருப்புக் கூடம், ஆறு பெஞ்சு, பளிச்சென்று டியூப்லைட். படிக்கிறவர்கள் ஒரு பக்கம், அரட்டை அடிக்கிறவர்கள் ஒரு பக்கம். பத்து மணிக்கு அம்மாக்கள் போய்த் தத்தம் பிள்ளையைக் கையோடு கூட்டி வருவார்கள். பிள்ளை தனியாக ரோட்டைத் தாண்டித் திரும்பி வந்தால் அதுதான் குற்றம். வெளியே இருப்பதற்குச் சீட்டு இல்லை, வீட்டுக்கு வருவதற்குச் சீட்டு. இதை நினைக்க நினைக்க ஃபாரமக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இரண்டாவது சீட்டு அப்படி வந்ததுதான். ஒரு வீட்டில் படிவம் நிரப்ப நேரமாகிவிட்டது. அம்மாவைக் காணோம் என்று பாப்பா தானே கிளம்பி வந்து அகப்பட்டாள். அதே நேரத்தில் ஃபாரமக்கா மூன்றாவது மாடியில் யாரோ ஒரு தாயிடம், "உங்க பிள்ளை இப்ப எங்க இருக்கும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டு சீட்டையும் தையல் டப்பாவில் நூல்கண்டுக்கு அடியில் வைத்திருந்தாள். புருஷனுக்குத் தெரிந்தால் தூங்கமாட்டார். தூங்கவில்லை என்றால் கை போய்விடும். அவரைப் பொறுத்தவரை ஏழு மணிக்குத் தூங்கும்போது மகள் வீட்டில் இருக்கிறாள், ஒன்றரைக்கு எழும்போதும் இருக்கிறாள். நடுவில் எங்கே போகப்போகிறாள்?

எந்தெந்த வீட்டில் கேட்பது என்று ஆராய்ச்சிக்காரர் போட்ட குலுக்கலில் அவர்கள் வீடும் வந்தது. சொந்த வீட்டைத் தானே கணக்கெடுக்கக் கூடாது என்பது விதி. அதனால் இன்னொரு கணக்கெடுப்பாளரான ஓய்வுபெற்ற தபால்காரர் வந்தார். அதே கட்டடத்தில் கீழ்வீடு. பாப்பா தினமும் எட்டரைக்கு அவர் ஜன்னலைத் தாண்டித்தான் போவாள்.

மாலை ஆறரை மணி. ரொட்டிக்காரர் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் கால் நீட்டியிருந்தார். விரலிடுக்கில் எவ்வளவு கழுவினாலும் போகாத மாவு. தபால்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பதினேழாவது கேள்விக்கு வந்தார்.

"ஒன்பது மணிக்கு மேல உங்க பொண்ணு எங்க இருக்கும்?"

"இது என்னண்ணே கேள்வி? எங்க இருப்பா? இதோ இந்தத் திரைக்குப் பின்னாடி தூங்குவா."

தபால்காரர் நிமிர்ந்து ஃபாரமக்காவைப் பார்த்தார். அவள் அடுப்பு மேடையைத் துடைத்தாள். பாப்பா திரைக்குப் பின்னால் போய்விட்டாள்.

"தினமுமா?"

"தினமும்தான். என் பொண்ணைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

தபால்காரர் டிக் அடித்தார். வெளியே வந்ததும் ஃபாரமக்கா அவரைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்ணே, உங்களுக்குத்தான் தெரியுமே, எப்படிண்ணே மனசு வந்து டிக் அடிச்சீங்க?"

"முப்பத்திரண்டு வருஷம் தபால் கொடுத்திருக்கேன் தங்கச்சி. கடுதாசியில என்ன எழுதியிருக்குன்னு நான் ஒருநாளும் பார்த்ததில்லை. சொன்னதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறதுதான் என் வேலை."

மறுவாரம் அந்தப் பக்கத்து வீடுகளுக்குப் போகவேண்டி வந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து வீட்டு அம்மா ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்துவிட்டுப் பொரிந்து தள்ளினாள்.

"எழுதிக்கோங்க, நல்லா எழுதிக்கோங்க. ஆறேழு மாசமா தாங்க முடியலை. இருபது முப்பது பிள்ளைங்க. ஒரே கூச்சல், சிரிப்பு. நாலு தடவை போலீசுக்குப் போன் பண்ணிட்டேன். எந்த வீட்டுப் பிள்ளைங்களோ, பெத்தவங்க தேடவே மாட்டாங்களா?"

"எல்லாரும் கத்துறாங்களாம்மா?"

"ஒரு பொண்ணு மட்டும் மூலையில உட்கார்ந்து படிச்சுக்கிட்டே இருக்கும். பாவமா இருக்கும். அதுக்கு அம்மா இல்லை போல."

ஃபாரமக்கா 'தொல்லை அதிகரித்துள்ளது' என்ற கட்டத்தில் டிக் அடித்தாள். பேனா முனை தாளைக் கிழித்துவிட்டது.

அன்றைக்கே ஆராய்ச்சிக்காரரின் அறைக்குப் போனாள். எங்கு பார்த்தாலும் படிவக் கட்டுகள். அவர் முகம் மலர்ந்திருந்தது.

"அக்கா, முதல் முடிவு வந்திருக்கு. இந்தப் பக்கம் பிள்ளைங்க மேல வந்த புகார் அறுபதுலேர்ந்து இருபதாக் குறைஞ்சிருக்கு. அந்தப் பக்கம் பதினஞ்சுலேர்ந்து அம்பத்தஞ்சு. வித்தியாசத்தைப் பாருங்க! சட்டம் நல்லா வேலை செய்யுது."

"தம்பி, இங்க நாற்பது குறைஞ்சுது. அங்க நாற்பது கூடுச்சு."

"ஆமாக்கா."

"உங்களுக்கு ஒண்ணும் தோணலையா?"

அவர் தாளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

"அதே பிள்ளைங்கதான் தம்பி. ரோட்டைத் தாண்டிப் போய் உட்கார்ந்திருக்குங்க. என் பொண்ணும் அதுல ஒண்ணு. எங்க வீட்டு ஃபாரத்துல வீட்டுலன்னு டிக் இருக்கும், எடுத்துப் பாருங்க. அதுவும் பொய்."

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நல்லவேளை சொன்னீங்கக்கா. இதைத் தெரியாம வெளியிட்டிருந்தா என் மானம் போயிருக்கும். ரெண்டு நகரசபையும் முடிவைக் கேட்கக் கூட்டம் போட்டிருக்காங்க, அதுல நீங்களே சொல்லணும். நான் சொன்னா புள்ளிவிவரம், நீங்க சொன்னா நடந்தது."

"சொன்னா என்ன ஆகும்?"

"சட்டத்தால பலன் இல்லைன்னு புரியும். பிள்ளைங்க எதுக்கு வெளிய வர்றாங்கன்னு யோசிப்பாங்க. படிக்கிறதுக்கு ஒரு இடம் கொடுக்கலாம், படிக்கட்டையாவது விட்டுக்கொடுக்கலாம்."

வீட்டுக்கு வந்து சொன்னதும் பாப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "வேண்டாம்மா. சொல்லாத. எங்களுக்கு இருக்கிறது அந்த ஒரு பெஞ்சுதான்."

"படிக்கட்டு திரும்பக் கிடைக்கும்டி. அந்தத் தம்பி சொல்றாரு."

"அவரு நல்லவருதாம்மா. ஆனா அவரு நகரசபையில சீட்டு வாங்கினதில்லை. இன்னும் மூணு மாசம்தான் தேர்வுக்கு. அதுவரைக்கும் பேசாம இரேன்."

"தப்பான கணக்கைப் பார்த்துக்கிட்டு என்னால சும்மா இருக்க முடியாது."

"கணக்கு தப்பா இருந்தா உனக்கென்ன? நான் படிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்?"

பாப்பா சொன்னதில் நியாயம் இருந்தது. அது ஃபாரமக்காவுக்கும் தெரிந்தது. ஆனால் சட்டம் வென்றுவிட்டது என்று நகரசபைக்காரர்கள் கை குலுக்கிக்கொள்வதை அவளால் சகிக்க முடியாது. அவள் பிறவிக் குணம் அது. பட்டன் கம்பெனியில் வேலை பார்த்தபோதும் ஒரு பட்டன் கோணலாக இருந்தால் மொத்தச் சட்டையையும் பிரிப்பவள்.

கூட்டம் ஒரு பிற்பகல் மூன்று மணிக்கு. இரண்டு நகரசபைத் தலைவர்களும் மேடையில் இருந்தார்கள். இந்தப் பக்கத்துத் தலைவர் ஒரு அம்மா, அந்தப் பக்கத்துத் தலைவர் பெரிய தொப்பையுள்ள மனிதர். மனைவி மேடையில் பேசப்போகிறாள் என்று ரொட்டிக்காரரும் வந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டையோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்ததை ஃபாரமக்கா அப்போதுதான் பார்த்தாள். அவர் பகலில் தூங்காமல் இருப்பார் என்பதை அவள் யோசிக்கவே இல்லை. திரும்பிப் போகவும் வழியில்லை, பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

சொன்னாள். பிள்ளைகள் குறையவில்லை, இடம் மாறியிருக்கிறார்கள் என்று சொன்னாள். "எங்க வீட்டுலயே ஒரு பொண்ணு இருக்கு. ஒரே அறை. ஏழு மணிக்கு விளக்கை அணைச்சாகணும். அது எட்டு மாசமா பஸ் ஸ்டாண்ட் பெஞ்சுலதான் படிக்குது. எங்க வீட்டு ஃபாரத்துல அது வீட்டுல தூங்குதுன்னு எழுதியிருக்கு. நீங்க ஜெயிச்சதாச் சொல்ற கணக்குல அதுவும் ஒண்ணு." சொல்லும்போது கடைசி வரிசையை அவள் பார்க்கவில்லை.

ஆராய்ச்சிக்காரர் எழுந்து, ஆகவே இந்தச் சட்டத்தால் பலன் உண்டென்று சொல்ல ஆதாரம் இல்லை என்றார். முடிப்பதற்குள் தொப்பைத் தலைவர் மேஜையில் தட்டினார்.

"அப்ப ஆறு மாசமா எங்க பக்கம் கூச்சல் போடுறது உங்க பிள்ளைங்களா?"

"எங்க பிள்ளைங்க சட்டத்துக்குக் கட்டுப்பட்டு ஒன்பது மணிக்கு எங்க எல்லையில இல்லை. அதுக்கு மேல எங்களுக்கு என்ன தெரியும்?" என்றார் தலைவர் அம்மா.

"ஓட்டையை இந்தம்மா சரியா எடுத்துக் காட்டியிருக்காங்க. அடைச்சிரலாம். நாங்களும் அதே சட்டத்தைப் போடுறோம்."

"ஐயா, நான் சொன்னது அதில்லைங்க" என்றார் ஆராய்ச்சிக்காரர்.

"புரியுது தம்பி. ரெண்டு பக்கமும் போட்டாத்தான் முழுப் பலன் தெரியும். நல்ல ஆராய்ச்சி."

"நான் சொன்னது அதில்லைங்க" என்றார் அவர் மறுபடியும். அதற்குள் கை தட்டிவிட்டார்கள். ஃபாரமக்காவுக்கு ஒரு பூங்கொத்து வேறு கொடுத்தார்கள். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் படிவ அட்டையோடு சேர்த்து அணைத்துக்கொண்டு இறங்கினாள். தன் தலையில் தானே நாலு போடு போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

திரும்பி வரும் வழியில் பாதி தூரம் வந்ததும் ரொட்டிக்காரர் நடையைக் குறைத்தார். மழை தூற ஆரம்பித்தது.

"எட்டு மாசமா?" என்றார்.

"ம்."

"சீட்டு ஏதும் வாங்கியிருக்காளா?"

"ரெண்டு."

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"நீங்க தூங்கிட்டிருந்தீங்க."

அவர் நின்றுவிட்டார். கோபப்படுவார் என்று நினைத்தாள். பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஒரு நாள் எழுப்பியிருக்கலாமே" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

பாப்பா அம்மாவோடு மூன்று நாள் பேசவில்லை. அடுத்த வாரமே அந்தப் பக்கமும் சட்டம் வந்துவிட்டது. காத்திருப்புக் கூடத்து வாசலில் பலகை மாட்டினார்கள். பிள்ளைகள் கலைந்து போனார்கள். சில பேர் ரயில் பாலத்துக்கு அடியில் இருட்டில் கூடுவதாகப் பேச்சு. அதற்குப் படிவம் யாரும் போடவில்லை.

பலகை மாட்டிய அன்று மாலை ஏழு மணிக்கு ஃபாரமக்கா வழக்கம்போல சுவிட்சில் கை வைத்தாள்.

"இருக்கட்டும்" என்றார் ரொட்டிக்காரர்.

"வேண்டாங்க. கை..."

"கையை நான் பார்த்துக்கிறேன். மூணாவது சீட்டு வந்தா என்ன செய்வே?" துண்டை மடித்துக் கண்மேல் போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். பாப்பா அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையாட்டினாள். பெண் புத்தகத்தைத் திறந்தாள்.

இரண்டு மாதம் ஆயிற்று. மறு சுற்றுக் கணக்கெடுப்பு வந்தது. குலுக்கல் கிடையாது, அதே வீடுகள்தான். தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது தபால்காரர் வந்தார், அதே ஆறரை மணிக்கு. இந்த முறை படிவம் சின்னது. நாற்பத்தோரு கேள்வியை இருபதாக்கியிருந்தார்கள். கடைசிப் பக்கத்தில் இருந்த 'குறிப்பு' என்ற இடத்தையும், யாரும் படிப்பதில்லை என்று எடுத்துவிட்டார்கள். ஆராய்ச்சிக்காரர் எவ்வளவோ சொல்லிப்பார்த்தாராம். மறு சுற்றுக்கு நகரசபைகள்தான் ஏற்பாடு, அவர் பேச்சு எடுபடவில்லை.

"ஒன்பது மணிக்கு மேல உங்க பொண்ணு எங்க இருக்கும்?"

"வீட்டுல" என்றார் ரொட்டிக்காரர்.

தபால்காரர் இந்த முறை யார் முகத்தையும் பார்க்கவில்லை. டிக் அடித்தார். "முந்தின தடவையும் வீட்டுலதான். அப்ப மாற்றம் இல்லைன்னு வரும்."

"எழுதுங்க."

"இந்தச் சட்டத்தால உங்க வீட்டுல யாருக்காவது பாதிப்பு உண்டா? பதினெட்டு வயசுக்குக் கீழே உள்ளவங்களுக்கு மட்டும்."

"இல்லை."

தபால்காரர் பேனாவை எடுத்தபடியே ரொட்டிக்காரரின் வலது மணிக்கட்டைப் பார்த்தார். புதுக் கட்டு, நாலு நாள்தான் ஆகிறது. ஓரத்தில் மருந்து மஞ்சளாகக் கசிந்திருந்தது. முப்பத்திரண்டு வருடம் கடிதத்தைப் பிரித்துப் படிக்காத மனிதர் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார்.

"இதை எங்க எழுதுறது தங்கச்சி? கட்டமே இல்லையே."

ஃபாரமக்கா தபால்காரரின் பையை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள். சொல்ல ஆரம்பித்தால் நகரசபை, ஆராய்ச்சி, தான் வாங்கிய பூங்கொத்து வரைக்கும் எல்லாவற்றையும் திட்டவேண்டியிருக்கும். கேட்க அங்கே யாரும் இல்லை. தபால்காரர் படிவத்தைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

ஏழு மணி ஆயிற்று. விளக்கு எரிந்தது. துண்டு கண்மேல் இருந்தது. பாப்பா தரையில் உட்கார்ந்து, தாளின் நுனியை இரண்டு விரலால் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு, அணு அணுவாகப் பக்கத்தைத் திருப்பினாள்.

"பாப்பா" என்றது துண்டுக்கு அடியிலிருந்து குரல்.

"அப்பா? எழுப்பிட்டேனாப்பா?"

"மெதுவாப் புரட்டாத. எப்பப் புரட்டி முடிப்பே, எப்ப முடிப்பேன்னு காத்துக்கிட்டுக் கிடக்க வேண்டியிருக்கு. சும்மா சத்தமாவே புரட்டு. நான் எங்க தூங்குறேன்?"